ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் வலைப்பூவை எங்கே தொடங்குவது? வேர்ட்பிரஸ், பிளாகர், மீடியம், சப்ஸ்டாக், லிங்க்ட்இன்: ஓர் ஒப்பீடு

எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் வலைப்பூ தொடங்கலாம் என்று உட்கார்ந்ததுமே ஒரே குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சொந்தமாக டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி வேர்ட்பிரஸ் போடுவதா, இலவச பிளாகரே போதுமா, வாசகர் கூட்டம் ஏற்கெனவே இருக்கும் மீடியத்துக்குப் போவதா, செய்திமடலாக சப்ஸ்டாக்கில் நடத்துவதா, இல்லை லிங்க்ட்இன்னிலேயே எழுதிவிடலாமா? ஒவ்வொன்றையும் சிபாரிசு செய்யும் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் வலைப்பூவிலிருந்தே சம்பாதிக்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரின் கணக்கு வேறு. வேலை கொடுக்கப்போகிறவர், கொடுக்கும் முன் அவரைச் சரிபார்க்க வரும் இடம்தான் அவருடைய வலைப்பூ.

அந்தச் சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் மெயிலைப் படித்த எடிட்டர் கீழே இருக்கும் லிங்க்கைக் கைபேசியில் தட்டுகிறார். பக்கம் திறக்கிறது. இவருக்கு இந்தத் துறை தெரியுமா, எழுத்து ஒழுங்காக வருகிறதா, தொடர்புகொள்ள மெயில் முகவரி எங்கே என்று மூன்றைத்தான் தேடுகிறார். திறந்ததும் ‘உறுப்பினரானால் மேலே படிக்கலாம்’ என்ற பலகையோ, பாதித் திரையை மறைக்கும் விளம்பரமோ, ‘இந்தத் தளம் பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கையோ வந்தால் அடுத்தவரின் மெயிலுக்குப் போய்விடுவார். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்த எடிட்டரின் கைபேசியை மனதில் வைத்து எழுதப்பட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

முகவரி யாருடையது? மற்ற எல்லா அளவுகோல்களையும்விட எடை கூடியது இதுதான். முகவரி உங்கள் பெயரில் பதிவான டொமைனாக இருந்தால், அதற்குப் பின்னால் ஓடும் மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பழைய லிங்க்குகள் பிழைத்துக்கொள்ளும். முகவரி தளத்துடையதாக இருந்தால், நீங்கள் இடம் மாறும் நாளில் அதுவரை அனுப்பிய மெயில்களிலும் மற்றவர்களின் கட்டுரைகளிலும் இருக்கும் உங்கள் லிங்க்குகள் உங்களோடு வராது.

வெளியேற வழி இருக்கிறதா? தளங்கள் மூடப்படும். ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடியது, பாஸ்டரஸ் 2013-இல். 2003-இல் தொடங்கிய டைப்பேட் 2025 செப்டம்பர் இறுதியில் கடையைக் கட்டியது. ஆகவே பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள வசதி உண்டா, பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட முடியுமா என்ற இரண்டையும் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். முதல் வசதி அநேகமாக எல்லாத் தளத்திலும் உண்டு. இரண்டாவதுதான் பல இடங்களில் இல்லை.

யார் வரப்போகிறார்கள்? பத்திரிகை எடிட்டரா, நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பொறுப்பாளரா, காசு கொடுத்துப் படிக்கும் வாசகரா? மூவரும் ஒரே தளத்தில் இருப்பதில்லை.

பராமரிப்புக்கு எவ்வளவு நேரம் போகும்? அப்டேட், பேக்கப், ஸ்பேம், பழுது எல்லாம் இதில் அடக்கம்.

எழுதுவதற்கு எவ்வளவு நேரம் போகும்? இந்தச் செலவைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆய்வோடு எழுதும் ஒரு பதிவுக்கு 6 மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒன்று எழுதுபவர் மாதம் 24 மணி நேரம், அதாவது மூன்று முழு வேலைநாட்களைக் கூலியில்லாமல் கொடுக்கிறார். உங்கள் ஒரு மணி நேரக் கட்டணத்தை 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்; ஹோஸ்டிங் செலவு, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை, அதன் பக்கத்தில் கால் தூசு. வாரம் ஒரு பதிவு என்ற விதி விளம்பர வருமானத்தை நம்புபவர்களுக்குப் பொருந்தலாம். வேலை தேடும் எழுத்தாளருக்கு ஒரே துறையில் எழுதிய ஐந்தாறு கனமான பதிவுகள் போதும். அதற்குமேல் இரண்டு மாதத்துக்கு ஒன்று சேர்ந்தாலே நிறைவு.

## தளம் எதுவானாலும் கட்ட வேண்டிய விலை: முதல் பிரசுர உரிமை

தளத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளாதவர்களுக்குப் பின்னால் நஷ்டம் வருகிறது. பத்திரிகைகள் பெரும்பாலும் வாங்குவது முதல் பிரசுர உரிமையை. யாரும் படிக்கக்கூடிய வலைப்பூவில் ஒரு கட்டுரையையோ கதையையோ கவிதையையோ போட்டுவிட்டால், அது ஏற்கெனவே பிரசுரமானது என்றே பல இதழ்கள் எடுத்துக்கொள்கின்றன. படித்தவர்கள் பத்துப் பேர்தான் என்ற வாதம் எடுபடாது. பதிவை நீக்கிவிட்டு அனுப்பினாலும், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் நகல் கிடைக்கலாம். இணையத்தில் ஏற்றாமல் செய்திமடலாக மெயிலில் மட்டும் அனுப்பியதைக்கூடப் பிரசுரமாகக் கருதும் இதழ்கள் உண்டு. இலக்கிய இதழ்கள் இந்த விஷயத்தில் இன்னும் கறார்.

ஆகவே விற்க நினைப்பதை வலைப்பூவில் போடாதீர்கள். விற்கும் கட்டுரையைச் சுற்றி இருப்பதைப் போடுங்கள்: அந்தத் துறையின் அடிப்படைச் சொற்களுக்கு விளக்கம், ஆவணங்களைப் படிக்கும் முறை, கட்டுரையில் இடமில்லாமல் விடுபட்ட தகவல்கள், பிரசுரமான பிறகு வந்த மாற்றங்கள். மருத்துவம் பற்றி எழுதுபவர் என்றால், ஒரு மருந்து ஆய்வறிக்கையின் சுருக்கத்தை எப்படிப் படிப்பது, ஒப்பீட்டு அபாயத்துக்கும் முழு அபாயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பதிவு. எந்த இதழுக்கும் அதை விற்க முடியாமல் போகலாம். ஆனால் மருத்துவக் கட்டுரைக்கு ஆள் தேடும் எடிட்டருக்கு அந்த ஒன்றே போதும்.

கிளையன்ட்டுக்கு எழுதிக்கொடுத்தவற்றில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்திருந்தால் அதே கட்டுரையை உங்கள் தளத்தில் ஏற்றக் கூடாது. பெயர் வராமல் எழுதிய வேலையில், எழுதியது நீங்கள்தான் என்று சொல்வதே ஒப்பந்த மீறலாகலாம். வேலை முடிந்த பிறகு கேட்டால் தயங்குவார்கள், ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரியைச் சேர்த்துவிடுவது நல்லது: “எழுத்தாளர் தம் படைப்புத் தொகுப்பில் இக்கட்டுரையின் தலைப்பையும் முதல் பத்தியையும் இணைப்பையும் காட்டலாம்.” மறுக்கத் தோன்றாத அளவுக்குச் சிறிய கோரிக்கை இது.

## சொந்த டொமைனில் வேர்ட்பிரஸ்

2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இலவச மென்பொருள். அதை ஓட்ட டொமைனும் ஹோஸ்டிங்கும் வேண்டும், இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. முதல் ஆண்டு விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அறிமுகச் சலுகை. இரண்டாம் முறை கட்டும் தொகை அதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். புதுப்பிக்கும்போது எவ்வளவு என்பதைத் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள்.

கிடைப்பது முழு உரிமை. முகவரி உங்களுடையது, தரவுத்தளம் உங்களுடையது, ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போகலாம். கட்டுரைப் பட்டியல், ‘என்னோடு பணியாற்ற’ என்ற பக்கம், துறைவாரியான மாதிரிகள் எல்லாவற்றையும் விரும்பியபடி அடுக்கலாம்.

பழுதாகும் இடங்களும் இங்கேதான் அதிகம். எழுத்தாளர்களுக்கு மிகவும் வலிக்கக்கூடியது தொடர்புப் படிவம். கிளையன்ட் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார், ‘நன்றி, கிடைத்தது’ என்று திரையில் வருகிறது, உங்களுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. வேர்ட்பிரஸ் வழக்கமாக ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே நேரடியாக மெயில் அனுப்பும்; முறையான அடையாளம் இல்லாத அந்த மெயிலைப் பெறும் பக்கத்து சர்வர் ஸ்பேமில் தள்ளும், சில நேரம் ஏற்கவே ஏற்காது. எஸ்எம்டிபி பிளக்இன் (மெயில் போகும் வழியை மாற்றித் தரும் கூடுதல் மென்பொருள்) ஒன்றைப் போட்டு, உண்மையான மெயில் கணக்கு வழியாக அனுப்பும்படி அமைக்க வேண்டும். படிவத்துக்குப் பக்கத்திலேயே மெயில் முகவரியை எழுத்தாகவும் போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணக்கிலிருந்து நீங்களே அனுப்பிப் பாருங்கள்.

அடுத்தது பதிவின் முகவரி. தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். உலாவியில் அழகாகத் தெரியும் அது, நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டு கிடக்கும். காரணம் எளிது: கணினியின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 இடத்தைப் பிடிக்கும், ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். புள்ளியும் கால் கொம்புகளும் தனித்தனிக் குறியீடுகள். பதிவுப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 இடம்தான். அதாவது சுமார் 22 குறியீடுகள், அதற்குமேல் தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ஆகவே வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் மூன்று நான்கு சொற்களை ரோமன் எழுத்தில் அடித்துவிடுவது வழக்கமாகட்டும்.

மூன்றாவது, அமைப்புகளில் ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைத் தவிர்க்கட்டும்’ என்ற டிக் பெட்டி. தளத்தைக் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்தவர்கள், மாதக்கணக்கில் கூகுளில் ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பேக்கப் என்றால் இரண்டு பாகம்: தரவுத்தளம், பதிவேற்றிய படங்களும் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமும் இருக்கும் கோப்புறை. ஒன்றை மட்டும் எடுத்தால் தளம் மீளாது. அதே ஹோஸ்டிங்கில் வைத்த பேக்கப், ஹோஸ்டிங் கணக்கு முடங்கும் நாளில் கூடவே முடங்கும்; வேறிடத்தில் வையுங்கள். பிளக்இன்களை ஏழெட்டுக்குள் நிறுத்துங்கள். பல மாதமாக அப்டேட் வராத பிளக்இன்தான் தளத்துக்குள் திருடன் நுழையும் வழி.

எப்போது இது சரி: எழுத்தே முழுநேரத் தொழில், அடுத்த ஐந்தாண்டும் இதில்தான் என்று முடிவாகிவிட்டது, மாதம் இரண்டு மணி நேரம் பராமரிப்புக்கு ஒதுக்க முடியும் என்றால். தளத்தின் வண்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டே இருந்து எழுதுவதைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்கள் இதை எடுக்க வேண்டாம்.

## பிளாகர், வேர்ட்பிரஸ்.காம்: பராமரிப்பு அவர்களுடையது

பிளாகர் 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. பழைய தோற்றம், குறைந்த வசதிகள், புதிதாக எதுவும் வருவதில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு அது பெரிய குறை இல்லை. சொந்த டொமைனை இதில் கூடுதல் கட்டணமின்றி இணைக்கலாம், டொமைனுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். இணைத்ததும் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்கள் தாமாகவே புதிய முகவரிக்குத் திருப்பப்படுவார்கள். ஹோஸ்டிங், பாதுகாப்புச் சான்றிதழ், அப்டேட் எல்லாம் கூகுளின் பொறுப்பு. கையில் காசு குறைவு, முகவரி மட்டும் சொந்தமாக வேண்டும் என்பவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

டொமைனை இணைக்கும்போது டொமைன் கணக்கில் இரண்டு சிநேம் பதிவுகளை (டொமைன் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள்) சேர்க்கச் சொல்லும். அதோடு நிறுத்திவிட்டால் மூன்று டபிள்யூ சேர்த்து அடித்தால் மட்டுமே தளம் திறக்கும். அது இல்லாமல் அடிப்பவருக்குப் பிழைச் செய்தி வரும். ‘ஏ’ என்ற இன்னொரு வகைப் பதிவுகள் நான்கையும் சேர்த்து, அமைப்புகளில் திருப்பிவிடும் வசதியை இயக்கினால்தான் வேலை முடிந்தது.

தமிழ்த் தலைப்பு இங்கே வேறு விதமாகப் படுத்தும். பிளாகருக்கு ரோமன் எழுத்தல்லாத தலைப்பிலிருந்து முகவரி உருவாக்கத் தெரியாது. எல்லாப் பதிவுக்கும் ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சேர்க்கும். முப்பது பதிவுக்குப் பிறகு எது எந்த லிங்க் என்று உங்களுக்கே தெரியாது. வெளியிடும் முன் வலப்பக்கப் பட்டியில் தனிப்பயன் நிரந்தர இணைப்பைத் தேர்ந்தெடுத்து ரோமன் எழுத்தில் பெயர் கொடுங்கள்.

பிளாகரின் மறைமுக ஆபத்து, எல்லாம் ஒரே கூகுள் கணக்கில் தொங்குவது. கணக்கு முடங்கினால் வலைப்பூவுக்குள் நுழைய முடியாது. உங்களுடைய இரண்டாவது கூகுள் கணக்கை நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்குகளை கூகுள் நீக்கக்கூடும் என்பதால் அந்த இரண்டாவது கணக்கிலும் அவ்வப்போது நுழையுங்கள்.

வேர்ட்பிரஸ்.காம் வேறு சங்கதி: அதே மென்பொருளைத் தங்கள் சர்வரிலேயே ஓட்டித்தரும் சேவை. இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் இல்லை, உங்கள் எழுத்துக்கு நடுவே அவர்களின் விளம்பரம் வரும். வேலை கேட்டு அனுப்பும் லிங்க்கில் யாரோ ஒருவரின் விளம்பரம் இருப்பது எழுத்தாளருக்கு நல்லதல்ல. கட்டணத் திட்டம் எடுத்தால் இரண்டும் தீரும். அப்போது செலவு ஹோஸ்டிங்கை நெருங்குகிறது, பராமரிப்புத் தலைவலி மட்டும் குறைகிறது. அந்த நிம்மதிக்குப் பணம் கொடுப்பது பலருக்கு நியாயமான பேரம்தான்.

## மீடியம்

பிளாகரை உருவாக்கியவர்களில் ஒருவரான எவன் வில்லியம்ஸ் 2012-இல் தொடங்கியது. எழுதும் பெட்டி அருமை, படிக்கும் பக்கம் சுத்தம், புதியவரின் பதிவுக்கும் தளத்துக்குள்ளிருந்தே வாசகர் வரக்கூடும். முதல் பதிவு போட அரை மணி நேரம்கூட ஆகாது.

இடிக்கும் இடம் கட்டணச் சுவர். பணம் ஈட்டும் திட்டத்தில் சேர்ந்து பதிவை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்தால், லிங்க்கைத் தட்டும் எடிட்டர் இரண்டு பத்தியோடு முட்டிக்கொண்டு நிற்பார். மாதிரியாக அனுப்பும் பதிவுகளைச் சுவருக்கு வெளியே வையுங்கள், அல்லது மீடியம் தரும் நண்பர் லிங்க்கை அனுப்புங்கள்; அதைத் தட்டினால் உறுப்பினர் அல்லாதவரும் முழுதாகப் படிக்கலாம். பணம் ஈட்டும் திட்டம் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீடியம் முகவரியிலிருந்து சொந்தத் தளத்துக்கு வாசகரைத் தானாகத் திருப்பிவிட முடியாது. ஆகவே இதை இரண்டாவது வீடாக வைத்துக்கொள்வதே பொருத்தம். பதிவை முதலில் சொந்த முகவரியில் வெளியிடுங்கள். உங்கள் பக்கங்கள் கூகுள் தேடலில் சேர்ந்தனவா என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் அந்த முகவரி ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறிய பிறகு மீடியத்தின் இறக்குமதிக் கருவியில் லிங்க்கைக் கொடுங்கள். மூலம் உங்கள் தளம்தான் என்ற குறிப்பை, அதாவது கனானிக்கல் லிங்க்கை, அதுவே சேர்த்துவிடும். எழுத்தை வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் இந்தக் குறிப்பு இருக்காது. தேடலில் உங்கள் தளத்துக்குப் பதில் மீடியம் பக்கம் முன்னே வந்து நிற்கும்.

எப்போது இது சரி: இன்னும் துறையே முடிவாகவில்லை, எழுதிப் பழக வேண்டும், எந்தத் தலைப்புக்கு வாசகர் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால்.

## சப்ஸ்டாக்

2017-இல் தொடங்கிய இதில் ஒவ்வொரு பதிவும் மெயிலாகவும் போகும், இணையப் பக்கமாகவும் நிற்கும். இலவசமாக நடத்தினால் கட்டணமில்லை. கட்டணச் சந்தா வைத்தால் வசூலில் 10 சதவீதம் சப்ஸ்டாக்குக்கு. அதற்குமேல் பணம் பெற்றுத்தரும் ஸ்ட்ரைப்பின் கட்டணம் தனி. 200 பேர் பணம் கட்டுகிறார்கள் என்றால் அதில் 20 பேருடைய பணம் முழுதாக சப்ஸ்டாக்குக்குப் போகிறது. ஸ்ட்ரைப் கட்டணத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு நிலையான தொகை சேர்ந்திருப்பதால் சிறிய மாதச் சந்தாவில் கழிவு அதிகமாகத் தெரியும். ஆண்டுச் சந்தாவில் அந்தத் தொகை ஒருமுறைதான். உங்கள் நாட்டில் ஸ்ட்ரைப் கணக்குத் திறக்க முடியாவிட்டால் கட்டணச் சந்தா என்ற பேச்சே இல்லை.

வெளியேறும் வழியில் சப்ஸ்டாக் நேர்மையாக இருக்கிறது. சந்தாதாரர்களின் மெயில் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இந்தப் பட்டியல்தான் செய்திமடலின் உண்மையான சொத்து. மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள். சொந்த டொமைனை இணைக்க ஒருமுறைக் கட்டணம் உண்டு, தொடக்கத்திலேயே கட்டிவிடுவது மேல்.

கமிஷன் உறுத்தத் தொடங்கினால் அடுத்த நிறுத்தம் கோஸ்ட். 2013-இல் வந்த திறமூல மென்பொருள். சந்தாவில் பங்கு கேட்பதில்லை, ஹோஸ்டிங்குக்கு மட்டும் கட்டணம். ஓராண்டில் சப்ஸ்டாக்குக்குக் கொடுத்த 10 சதவீதத்தையும் கோஸ்ட்டின் ஆண்டுக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எண் தெளிவாக முந்தும்வரை மாற வேண்டியதில்லை.

சப்ஸ்டாக்கின் உண்மையான விலை வேறு: கெடு. மெயிலாகப் போவதால் வாசகர் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். கிளையன்ட்டின் கெடு நெருக்கும் வாரத்திலும் செய்திமடல் போயாக வேண்டும். பணம் கட்டியவர்கள் இருந்தால் அது கடமையே. வாசகரோடு நேரடி உறவு வேண்டும், புத்தகம் எழுதும் எண்ணம் உண்டு, ஒரே துறையில் ஊறியவர் என்றால் இந்தக் கெடுவை ஏற்கலாம். நிறுவனங்களுக்கு எழுதிப் பிழைப்பவருக்கு இது தேவையற்ற சுமை.

சொந்த டொமைனிலிருந்து நீங்களே மொத்தமாக மெயில் அனுப்பலாமே என்று தோன்றும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநரின் அடையாளத்தைக் கறாராகக் கேட்கின்றன: எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற, அனுப்புநரை உறுதிசெய்யும் டொமைன் பதிவுகள் சரியாக இல்லாத மெயில் ஸ்பேமுக்குப் போகும், அல்லது திரும்பி வரும். சாதாரண ஹோஸ்டிங்கிலிருந்து 500 பேருக்குச் செய்திமடல் அனுப்பும் முயற்சி, உங்கள் வழக்கமான மெயில்களையும் ஸ்பேமில் தள்ளிவிடக்கூடும். இதற்கென்றே இருக்கும் சேவை வழியாக அனுப்புங்கள்.

## லிங்க்ட்இன்

நிறுவனங்களுக்கு எழுதுபவர்கள் தவிர்க்கக் கூடாத இடம். வேலை கொடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சாதாரணப் பதிவுக்கு 3,000 எழுத்து வரம்பு. நீளமாக எழுதக் கட்டுரை வசதியும் செய்திமடல் வசதியும் உண்டு. செய்திமடலின் முதல் இதழ் வரும்போது உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்கெல்லாம் லிங்க்ட்இன்னே அழைப்பு அனுப்பிவிடுவதால் சந்தாதாரர் எண்ணிக்கை வேகமாக ஏறும். ஆனால் அவர்களின் மெயில் முகவரி உங்கள் கைக்கு வராது, கிளம்பினால் பட்டியல் அங்கேயே நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவைத் தேடிப் பிடிப்பதும் கடினம். சொந்தத் தளத்தில் உள்ள கட்டுரையின் சாரத்தை இங்கே எழுதி லிங்க் கொடுப்பதற்கு இதைப் பயன்படுத்துங்கள். மூலத்தை இங்கே வைக்காதீர்கள்.

## வலைப்பூவே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு

ஏற்கெனவே நல்ல இதழ்களில் பத்துக் கட்டுரைக்கு மேல் வந்திருந்தால், வலைப்பூவைவிட ஒற்றைப் பக்கப் படைப்புத் தொகுப்பு நன்றாக வேலை செய்யும். நான்கு வரி அறிமுகம், துறைவாரியாக எட்டுப் பத்து லிங்க்குகள், மெயில் முகவரி. அவ்வளவுதான். கடைசிப் பதிவு இரண்டு ஆண்டுக்கு முந்தையது என்று தேதி காட்டும் வலைப்பூ, ஆள் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்ற சந்தேகத்தைக் கிளப்பும். தொகுப்புப் பக்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அதற்கு வேறொரு நோய் உண்டு, லிங்க் சாவது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. இதழ் மூடப்படலாம், தளத்தைப் புதுப்பிக்கும்போது உங்கள் கட்டுரை காணாமல் போகலாம். கட்டுரை வெளியான அன்றே இரண்டு வேலை செய்யுங்கள்: பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள், வேபேக் மெஷினின் சேமிப்புப் பெட்டியில் லிங்க்கைப் போட்டு ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். மூலப் பக்கம் இறந்த பிறகு இவை இரண்டும்தான் சாட்சி.

## ஒரே பார்வையில்

| தேர்வு | முகவரி | வெளியேறினால் | பராமரிப்பு | யாருக்கு |
|---|---|---|---|---|
| சொந்த வேர்ட்பிரஸ் | உங்களுடையது | எல்லாம் கூட வரும் | அதிகம் | முழுநேரத் தொழில் எழுத்தாளர் |
| பிளாகர் + சொந்த டொமைன் | உங்களுடையது | பதிவுகள் வரும், லிங்க்குகளைக் காப்பாற்றலாம் | மிகக் குறைவு | செலவு குறைவாகத் தொடங்குபவர் |
| வேர்ட்பிரஸ்.காம், கட்டணத் திட்டம் | உங்களுடையது | சொந்த வேர்ட்பிரஸுக்கு எளிதாக மாறலாம் | குறைவு | தொழில்நுட்பத்தில் கை வைக்க விரும்பாதவர் |
| மீடியம் | பெரும்பாலும் அவர்களுடையது | பதிவுகள் வரும், லிங்க் வராது | இல்லை | எழுதிப் பழகுபவர். இரண்டாவது இடம் |
| சப்ஸ்டாக் | டொமைன் இணைத்தால் உங்களுடையது | மெயில் பட்டியலும் பதிவுகளும் வரும் | கெடுவே பராமரிப்பு | நேரடி வாசகர் வேண்டுபவர் |
| லிங்க்ட்இன் | அவர்களுடையது | பட்டியல் வராது | இல்லை | நிறுவனங்களுக்கு எழுதுபவர்; விநியோகத்துக்கு மட்டும் |
| தொகுப்புப் பக்கம் | டொமைன் இருந்தால் உங்களுடையது | எளிது | லிங்க் சோதனை மட்டும் | பிரசுரமான கட்டுரைகள் உள்ளவர் |

## எங்கள் பரிந்துரை

முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் இன்றே டொமைனை மட்டும் வாங்குங்கள். துறையின் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரில். துறை மாறும், பெயர் மாறாது. டொமைன் கணக்கைத் திறக்கும்போது அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், எச்சரிக்கை உங்களை எட்டவே எட்டாது. தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி, அட்டை காலாவதியாகும் மாதத்தைக் குறித்து வையுங்கள். தவறவிட்டால் ‘.காம்’ போன்ற டொமைன்களுக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அப்போது கேட்கும் தொகை வழக்கமான கட்டணத்தைவிட மிக அதிகம்.

அந்த டொமைனை பிளாகரில் இணைத்து ஐந்து பதிவுகள் எழுதுங்கள். ஓராண்டு கழித்து வசதிகள் போதவில்லை என்றால் வேர்ட்பிரஸுக்கு மாறுங்கள். டொமைன் அதேதான் என்பதால், வேர்ட்பிரஸின் நிரந்தர இணைப்பு அமைப்பை ‘ஆண்டு/மாதம்/பதிவுப்பெயர்.எச்டிஎம்எல்’ என்று பிளாகரின் வடிவத்திலேயே வைத்தால் பழைய லிங்க்குகள் பெரும்பாலும் அப்படியே திறக்கும். இறக்குமதி முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பொருந்தாதவற்றுக்கு மட்டும் ரீடைரக்ட் (புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போடுங்கள்.

மீடியத்தில் ஏற்கெனவே நாற்பது பதிவு எழுதிவிட்டேன், இனி என்ன செய்வது என்பவர்களுக்கும் வழி உண்டு. மொத்தத்தையும் இறக்கி வையுங்கள். அதில் இன்றும் காட்டத் தகுந்த ஏழெட்டை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொந்த முகவரியில் ஏற்றுங்கள். மீடியத்தில் அந்தப் பதிவுகளின் கூடுதல் அமைப்புகளுக்குள் போய், கனானிக்கல் லிங்க் பெட்டியில் புதிய முகவரியை ஒட்டுங்கள். பதிவின் முதல் வரியில் ‘திருத்திய வடிவம் இங்கே’ என்று லிங்க் கொடுங்கள். மற்ற முப்பத்துச் சொச்சம் பதிவுகள் அங்கேயே இருக்கட்டும். அவற்றை இடம் மாற்றும் நேரத்தில் ஒரு புதிய கட்டுரையை எழுதி முடித்துவிடலாம்.